நெகிழ்வு என்னும் சொல்லின் விலை

நண்பகல் பன்னிரண்டு மணி. இராஜஸ்தானின் பாலை நிலத்திலும் குஜராத்தின் வறண்ட சமவெளிகளிலும் சூரிய மின்பலகைகள் உச்சத்தில் இயங்குகின்றன. அதே வேளையில் சிங்ரௌலியிலும் கோர்பாவிலும் ராமகுண்டத்திலும் உள்ள அனல் மின் நிலையங்களுக்கு உற்பத்தியைக் குறைக்கும்படி ஆணை வருகிறது. மாலை ஆறு மணிக்குக் கதிரவன் சாய்கிறான். வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. இப்போது அதே நிலையங்களுக்கு, விரைந்து உற்பத்தியைக் கூட்டும்படி ஆணை வருகிறது. நாள்தோறும் நடைபெறும் இந்த ஏற்ற இறக்கத்திற்கு ஆட்சிமொழி இட்டிருக்கும் பெயர் ‘நெகிழ்வான இயக்கம்’ என்பதாகும்.

சொல் இனிமையாக இருக்கிறது. மூங்கில் காற்றுக்கு வளைந்து, காற்று ஓய்ந்ததும் பழையபடி நிமிர்வதைப் போன்ற ஒரு காட்சியை அது மனத்தில் எழுப்புகிறது. ஆனால் தமிழில் இச்சொல்லுக்கு வேறொரு கிளையும் உண்டு. வளைந்த பின் பழைய வடிவுக்குத் திரும்பும் பண்பைத் தமிழ் இயற்பியல் நூல்கள் மீட்சித்தன்மை என்கின்றன. அழுத்திய வடிவிலேயே நின்றுவிடும் பொருளுக்கோ நெகிழி என்று பெயர். ஆகவே, மீளாமல் நின்றுவிடும் மாற்றத்தின் பெயரையே நிர்வாகம் தன் திட்டத்திற்கு அறியாமல் சூட்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பின் இந்தத் தற்செயல் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறது. அனல் மின் நிலையத்தின் நீராவிச் சுழலி ஒவ்வொரு முறை வளைந்து கொடுக்கும்போதும், தன் எஃகில் மீளாத ஒரு சிறு தடத்தை ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தடத்திற்கு ஒரு விலை உண்டு. அதை யார் செலுத்துவது என்பதைத் தீர்க்காமல், வளைய வேண்டும் என்பதை மட்டும் விதியாக்குவது முறையன்று.

இக்கூற்றை எடைபோட, முதலில் அந்த இயந்திரத்தை அறிய வேண்டும்.

டர்பைன் என்ற சொல்லை 1822இல் உருவாக்கியவர் கிளாட் பூர்தன் என்னும் பிரெஞ்சுப் பொறியாளர். இலத்தீன மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்குச் சுழற்காற்று என்றும் பம்பரம் என்றும் பொருள். அவர் மனத்தில் இருந்தது நீரால் சுழலும் சக்கரம். நீராவியால் சுழலும் சக்கரத்தைப் பயனுள்ள இயந்திரமாக்க மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. காரணம் எளியது. உயர் அழுத்த நீராவியை ஒரே துளை வழியாகத் திறந்துவிட்டால், அது ஒலியைவிடப் பலமடங்கு வேகத்தில் பீறிடும். அந்த வேகத்திலிருந்து ஆற்றலை முறையாகப் பெற வேண்டுமானால், சக்கரத்தின் விளிம்பும் ஏறத்தாழ அதில் பாதி வேகத்தில் ஓட வேண்டும். அத்தகைய சுழற்சியைத் தாங்கும் உலோகம் அன்று எளிதில் கிடைக்கவில்லை.

1884இல் இங்கிலாந்தின் சார்லஸ் பார்சன்ஸ் கண்ட தீர்வு, இன்றுவரை எல்லாப் பெரிய சுழலிகளுக்கும் அடிப்படையாக நிற்கிறது. அழுத்தத்தை ஒரே பாய்ச்சலில் இறக்காமல், பல படிகளாகப் பிரித்து இறக்குவது அது. ஒவ்வொரு படியிலும் அசையாத தகடுகளின் வரிசை ஒன்று நீராவியைத் திருப்பிவிடும். அடுத்துள்ள சுழலும் தகடுகளின் வரிசை அதன் விசையை வாங்கிக்கொள்ளும். மலையிலிருந்து ஒரே அருவியாக விழும் நீரைப் படித்துறைகளின் வழியாக இறக்குவது போன்றது இந்த ஏற்பாடு. பார்சன்ஸ் செய்த முதல் இயந்திரம் ஏறத்தாழ 7.5 கிலோவாட் மின்சாரமே தந்தது. இன்று இந்தியாவில் பெருவழக்காக உள்ள அலகுகள் 210, 500, 660, 800 மெகாவாட் திறன் கொண்டவை.

500 மெகாவாட் அலகொன்றைச் சான்றாகக் கொள்ளலாம். கொதிகலனிலிருந்து ஏறத்தாழ 170 வளிமண்டல அழுத்தத்திலும் 537 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் நீராவி வருகிறது. முதலில் அது உயர் அழுத்தச் சுழலிக்குள் நுழைகிறது. அங்கே அழுத்தமும் வெப்பமும் ஒருபகுதி இறங்கியதும், மீண்டும் கொதிகலனுக்குச் சென்று சூடேறித் திரும்புகிறது. பிறகு இடை அழுத்தச் சுழலி. அதன் பின் தாழ் அழுத்தச் சுழலி. இறுதியில் கண்டன்சர் என்னும் குளிர்கலனில் நீராவி மீண்டும் நீராகிறது. கண்டன்சருக்குள் அழுத்தம் வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே. வெப்பநிலை ஏறத்தாழ 45 டிகிரி. ஒரு முனையில் கொதிகலன் தள்ளுகிறது. மறு முனையில் வெற்றிடம் இழுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நீராவியின் கன அளவு அறுநூறு மடங்குக்கும் மேல் பெருகுகிறது. அதனால்தான் முதல் வரிசைத் தகடுகள் விரல் நீளத்தை ஒட்டியும், கடைசி வரிசைத் தகடுகள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்திலும் அமைகின்றன.

அந்தக் கடைசி வரிசை ஒரு தனி உலகம். தகட்டு நுனிகள் வரையும் வட்டத்தின் விட்டம் 3.5 மீட்டர் எனக் கொண்டால், நிமிடத்திற்கு 3000 சுற்று வேகத்தில் ஒவ்வொரு நுனியும் நொடிக்கு ஏறத்தாழ 550 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஒலி செல்லும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான். அந்த நுனியில் இருக்கும் ஒவ்வொரு கிராம் எஃகும், பதினேழு கிலோ எடை தொங்குவது போல வெளிநோக்கி இழுபடுகிறது. போதாக்குறைக்கு, அங்கே வந்து சேரும் நீராவியில் ஒரு பகுதி நுண்துளிகளாகிவிட்டிருக்கும். அத்துளிகள் அவ்வேகத்தில் மணல் வீச்சுப் போல மோதி உலோகத்தை அரிக்கின்றன. எனவே தகட்டின் முன்விளிம்பைக் கடினப்படுத்தி அமைப்பது வழக்கம்.

இவ்வளவு உழைப்புக்கும் இயற்கை ஒரு வரம்பு விதித்திருக்கிறது. 537 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடையே இயங்கும் எந்த வெப்ப எந்திரமும், கொள்கை அளவில்கூட, பெற்ற வெப்பத்தில் அறுபது விழுக்காட்டைச் சற்றே தாண்டித்தான் உழைப்பாக மாற்ற இயலும். நடைமுறையில் இந்திய நிலையங்கள் பெரும்பாலும் முப்பத்தைந்திலிருந்து நாற்பது விழுக்காட்டை ஒட்டியே நிற்கின்றன. ஒரு விழுக்காட்டை மீட்பதற்கும் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அந்த உழைப்பின் முக்கியக் களங்களுள் ஒன்று இடைவெளி. சுழலும் பாகத்துக்கும் அசையாத உறைக்கும் நடுவே நீராவி கசியாதிருக்க, அவற்றின் இடைவெளி மில்லிமீட்டர் அளவிலும் சில இடங்களில் அதனினும் குறைவாகவும் வைக்கப்படுகிறது.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஒரு மீட்டர் எஃகை 500 டிகிரி சூடேற்றினால் அது ஆறு மில்லிமீட்டருக்கும் மேல் நீளும். சுழலியின் ரோட்டாரோ பல மீட்டர் நீளமுடையது. அதைச் சூழ்ந்த உறை கனமானது. ரோட்டார் அதைவிட எடை குறைந்தது. ஆகவே இரண்டும் ஒரே வேகத்தில் சூடேறுவதில்லை. ஒரே வேகத்தில் நீள்வதுமில்லை. நீராவியை அவசரமாகத் திறந்தால் ரோட்டார் முந்திக்கொள்ளும், உறை பின்தங்கும். மில்லிமீட்டர் இடைவெளி மறைந்து உலோகம் உலோகத்தை உரசும். அதனால்தான் கட்டுப்பாட்டு அறையில் மெகாவாட் காட்டும் முள்ளுக்கு இணையாக, இவ்விரு நீட்சிகளின் வேறுபாட்டைக் காட்டும் அளவியும் கண்காணிக்கப்படுகிறது. முற்றிலும் குளிர்ந்த அலகொன்றை முழுச் சுமைக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிறுத்தும்போதும் இதே கவனம் தேவை. சூடான ரோட்டாரை அப்படியே நிறுத்திவிட்டால், உறைக்குள் வெப்பம் மேலே தேங்கும். ரோட்டாரின் மேற்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட அதிகம் நீண்டு, தண்டு வில்லாக வளையும். எனவே நிறுத்திய பின்னரும் பாரிங் கியர் என்னும் துணைப் பொறியால், குளிர்ந்து முடியும்வரை, பல மணி நேரம், சில வேளை நாள்கணக்கில், ரோட்டாரை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ‘நெகிழ்வு’ கேட்கப்படும் இயந்திரத்தை, அது வளைந்துவிடக் கூடாதே என்று இரவெல்லாம் திருப்பிக்கொண்டிருப்பதே சுழலிக் கூடத்தின் நடைமுறை.

கண்ணுக்குத் தெரியும் வளைவைவிடத் தெரியாத தேய்வே பெரிது. நீராவியின் வெப்பநிலை விரைவாக ஏறும்போது ரோட்டாரின் மேற்பரப்பு முதலில் சூடாகி விரிய முயல்கிறது. குளிர்ந்த உட்பகுதி அதைப் பிடித்து நிறுத்துகிறது. குளிரும்போது இழுவையின் திசை மாறுகிறது. தகடுகள் பொருந்தும் பள்ளங்களைப் போன்ற குறுகிய இடங்களில் இந்த இழுவை எஃகின் மீட்சி எல்லையைத் தாண்டக்கூடும். ஒரு முறை தாண்டினால் ஒன்றும் ஆகாது. பல்லாயிரம் முறை தாண்டினால் அங்கே மயிரிழை விரிசல் தோன்றும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தே ஒடிக்கும் சிறுவனுக்கு இந்த விதி தெரியும். இதனோடு, உயர் வெப்பத்தில் நெடுங்காலம் இழுவிசைக்கு உட்படும் எஃகு மெல்ல நீண்டுகொண்டே போகும் மற்றொரு தேய்வும் உண்டு. இடையறாது ஓடும் சுழலியின் ஆயுளை இந்த இரண்டாவது தேய்வு தீர்மானிக்கிறது. அடிக்கடி நின்று எழும் சுழலியின் ஆயுளை இரண்டும் சேர்ந்து குறைக்கின்றன. ஆகவே ஒரு சுழலியின் வயதைக் கேட்பவர் அது நிறுவப்பட்ட ஆண்டைக் கேட்டால் போதாது. எத்தனை முறை சூடேறிக் குளிர்ந்தது என்றும் கேட்க வேண்டும்.

இந்தியாவின் அனல் மின் அலகுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியை முன்வைத்து வடிவமைக்கப்பட்டவை அல்ல. மின்பற்றாக்குறை நிலவிய காலத்தில் அவற்றுக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றே: இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடுக. சோவியத் வடிவமைப்பைத் தழுவிய 210 மெகாவாட் அலகுகளும், பின்னர் ஜெர்மன் தொழில்நுட்பக் கூட்டுறவோடு ஹரித்துவாரில் உருவான 500 மெகாவாட் அலகுகளும் அந்தக் கட்டளைக்குப் பணிந்து பல பத்தாண்டுகள் நாட்டைத் தாங்கின. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. அன்று முதல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே அதிர்வெண். நொடிக்கு 50 சுழற்சி என்பது, இருமுனை மின்னாக்கியைச் சுழற்றும் சுழலிக்கு நிமிடத்திற்கு 3000 சுற்று. ஒன்றையொன்று பார்த்திராத நூற்றுக்கணக்கான ரோட்டார்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரே அச்சில் கோத்தவை போல ஒருங்கே சுழல்கின்றன.

அந்த ஒருங்கிணைப்பில்தான் சுழலியின் பேசப்படாத பணி அடங்கியிருக்கிறது. எங்கோ ஒரு பெரிய அலகு திடீரென்று நின்றுவிட்டால், மற்ற ரோட்டார்களின் சுழற்சியில் தேங்கியுள்ள ஆற்றலே முதல் சில நொடிகளுக்குத் தொகுப்பைத் தாங்குகிறது. எந்த மனிதனும் எந்தக் கணினியும் ஆணையிடும் முன்பே, எஃகின் நிலைமம் அந்தப் பணியைச் செய்து முடிக்கிறது. அதன் பின்னரே கவர்னர்கள் நீராவி வால்வுகளைத் திறக்கின்றன. சூரிய மின்பலகைக்குச் சுழலும் பாகம் இல்லை. மின்கலத் தொகுதிகள் விரைவான மின்னணுக் கட்டுப்பாட்டால் இப்பணியின் ஒரு பகுதியை ஏற்க முடியும். ஆனால் அதற்கென அவற்றை வடிவமைத்து, போதிய எண்ணிக்கையில் நிறுவியாக வேண்டும்.

2025ஆம் ஆண்டின் நடுவில் இந்தியாவின் நிறுவு திறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் சாராத மூலங்களுக்குரியதாயிற்று. பெருமைக்குரிய செய்தி இது. எனினும் உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. நிறுவு திறனுக்கும் உற்பத்திக்கும் இடையிலான இந்த இடைவெளியை நாள்தோறும் இட்டு நிரப்புபவை சுழலிகளே.

மத்திய மின்சார ஆணையம் 2023இல் வெளியிட்ட விதிகள், நிலக்கரி அலகுகள் முழுத் திறனில் 40 விழுக்காடு வரை இறங்கி இயங்க வேண்டும் என்கின்றன. எழுபது விழுக்காட்டுக்கு மேல் நிமிடத்திற்கு 3 விழுக்காடும், அதற்குக் கீழே 55 வரை 2 விழுக்காடும், மேலும் கீழே 40 வரை 1 விழுக்காடும் சுமையை மாற்றும் திறன் வேண்டும். 500 மெகாவாட் அலகுக்கு 3 விழுக்காடு என்பது நிமிடத்திற்கு 15 மெகாவாட். இந்த விதியின் நோக்கத்தில் குறை காண இயலாது. பகலில் நிலக்கரி இடம் விடாவிட்டால், கதிரவன் தரும் மின்சாரத்தை வெட்டி எறிய வேண்டிவரும்.

ஆனால் 40 விழுக்காட்டுச் சுமையில் சுழலிக்குள் நடப்பதையும் அறிந்தாக வேண்டும். முழு ஓட்டத்திற்கென்று வடித்த கடைசி வரிசைத் தகடுகளுக்குப் போதிய நீராவி வருவதில்லை. ஓட்டம் சீர்குலைந்து, வெளியேறிய நீராவியின் ஒரு பகுதி பின்னோக்கிச் சுழன்று வருகிறது. தகடுகள் ஆற்றலைப் பெறுவதை விட்டு, விசிறி போல நீராவியைக் கடைந்து சூடாக்கத் தொடங்கலாம். அந்தச் சூட்டைத் தணிக்க நீர் தெளிக்கிறார்கள். தெளித்த துளிகளைப் பின்னோக்கிய ஓட்டம் சுமந்து வந்து, கடினப்படுத்தாத பின்விளிம்பை அரிக்கிறது. ஒரு நோய்க்குத் தரும் மருந்து மற்றொரு நோயைக் கொணர்கிறது.

தகடு முறிந்தால் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு பாடம் உண்டு. 1993 மார்ச் 31 அதிகாலை, உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில், முதல் அலகின் தாழ் அழுத்தச் சுழலியின் கடைசி வரிசையில் இரண்டு தகடுகள் களைப்பு முறிவால் ஒடிந்தன. சமநிலை இழந்த ரோட்டார் கடுமையாக அதிர்ந்தது. மின்னாக்கியைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. தீயில் மின்வடங்கள் எரிந்தன. நிலையம் ஏறத்தாழ பதினேழு மணி நேரம் மின்சாரமே இன்றி நின்றது. இயக்குநர்கள் கைவிளக்குகளோடு சென்று, அணு உலை மீண்டும் உயிர்பெறாதவாறு கையால் வால்வுகளைத் திறக்க நேர்ந்தது. உலை காக்கப்பட்டது. அந்த விபத்துக்கும் சூரிய மின்சாரத்துக்கும் தொடர்பு இல்லை. ஆனால் சுழலித் தகட்டின் களைப்பு என்பது பராமரிப்பு ஏட்டில் ஒரு வரியாக மட்டும் நின்றுவிடுவதில்லை என்பதற்கு அது சான்று. நாள்தோறும் களைப்பைக் கூட்டும் இயக்கமுறைக்கு மாறும் நாடு அதை மறக்கக் கூடாது.

இங்கே இரண்டு மறுப்புகள் எழக்கூடும். எப்படியும் விடைபெறப் போகும் நிலக்கரி அலகின் ஆயுளைப் பற்றி எதற்குக் கவலை என்பது ஒன்று. விடைபெறும் நாள்வரை மாலை நேரத் தேவையை அதுவே தாங்குகிறது என்பதே விடை. எதிர்பாராத முறிவு நேரும்போது அது பெரும்பாலும் சுமை ஏறும் வேளையில், தேவை உச்சத்தில் இருக்கும் வேளையில் நேரும். அதன் இழப்பு ஓர் அலகோடு நிற்காது.

மற்றொன்று எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. சுழலிக்கு இவ்வளவு துன்பமென்றால், சூரிய மின்சாரத்தைத் தாமதப்படுத்தலாமே என்பது. இந்த முடிவு பிழையானது. சுழலியின் தேய்வு கணக்கில் ஏறுமானால், அதற்கு மாற்றான மின்கலத் தொகுதிகளும் நீரேற்று மின் நிலையங்களும் உண்மையில் எவ்வளவு மலிவானவை என்பது அப்போதுதான் புலப்படும். தேய்வை மறைத்து வைக்கும்வரை, பழைய சுழலியை வளைப்பதே மலிவான வழி என்ற மயக்கம் நீடிக்கும். சேமிப்பு நிலையங்கள் தாமதமாகும். கணக்கை மறைப்பதால் உண்மையில் இழப்பது சூரிய மின்சாரம்தான்.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முதலாவது, எல்லா அலகுகளையும் ஒரே அளவுக்கு வளைப்பதைக் கைவிட வேண்டும். சுழலியின் வடிவமைப்பு, வயது, இதுவரை கண்ட தொடக்கங்கள், கிடைக்கும் நிலக்கரியின் சாம்பல் அளவு ஆகியவற்றைப் பார்த்து, எவை நாள்தோறும் வளையலாம், எவை நிலையாக ஓட வேண்டும், எவை ஓய்வு பெற வேண்டும் என்று பிரிக்க வேண்டும். வால்வுகளை நெரித்துச் சுமையைக் குறைப்பதற்கு மாறாக, கொதிகலனின் அழுத்தத்தையே சுமையோடு சேர்த்து இறக்கி ஏற்றினால், சுழலியின் உலோகம் காணும் வெப்ப மாற்றம் குறையும். அதற்கு ஏற்ற அலகுகளுக்கு முன்னுரிமை தரலாம்.

இரண்டாவது, விலை. பகுதிச் சுமையில் கூடுதலாக எரியும் நிலக்கரிக்கு ஈடு தரும் ஏற்பாடு மத்திய ஒழுங்குமுறை விதிகளில் இருக்கிறது. எரிந்த நிலக்கரி கண்ணுக்குத் தெரிவதால் அதற்கு விலை கிடைத்தது. தேய்ந்த ஆயுளையும் அதுபோல அலகுதோறும் அளந்து, வெளிப்படையாகக் கட்டணத்தில் சேர்க்க வேண்டும். ரோட்டாரின் வெப்ப அழுத்தத்தைக் கணக்கிட்டு, செலவான ஆயுளைப் பதிவுசெய்யும் கருவிகள் புதியவை அல்ல. அந்தப் பதிவு சுழலிக் கூடத்தோடு நின்றுவிடாமல் ஒழுங்குமுறை ஆணையத்தின் மேசைக்கும் செல்ல வேண்டும்.

மூன்றாவது, ஓய்வு பெறும் அலகுகளின் மறுவாழ்வு. ஜெர்மனியின் பிப்லிஸ் அணுமின் நிலையம் மூடப்பட்டபின், அதன் மின்னாக்கி ஒன்று சுழலியிலிருந்து பிரிக்கப்பட்டு, 2012 முதல் மின்னழுத்தத்தைச் சீர்செய்யும் பணிக்கு மாற்றப்பட்டது. நீராவி இல்லை, எரிபொருள் இல்லை. ஆனாலும் சுழன்றது, தொகுப்பைத் தாங்கியது. இந்தியாவில் மூடப்படும் நிலையங்களின் மின்னாக்கிகளைப் பழைய இரும்பாக எடைக்குப் போடும் முன், இந்த வழியை ஒவ்வொன்றுக்கும் ஆராய்வது கடமை.

சொற்களைத் தேர்வதும் கொள்கை வகுப்பதன் ஒரு பகுதியே. ‘நெகிழ்வு’ என்று எழுதும்போது, ஒரு பண்பு அந்த இயந்திரத்தில் ஏற்கெனவே இருப்பதாகவும் அதைக் கேட்டுப் பெற்றால் போதும் என்றும் தோன்றிவிடுகிறது. ‘ஆயுட்செலவில் இயக்குதல்’ என்று எழுதிப் பார்த்தால், எவ்வளவு செலவு, யாருடைய கணக்கில் என்ற கேள்விகள் அடுத்த வரியிலேயே எழும். மாலை ஆறு மணிக்கு நாட்டின் விளக்குகளை ஏற்றும் அந்த ரோட்டாருக்கும், அதன் அருகே அதிர்வு அளவியைப் பார்த்தபடி இரவுப் பணியில் நிற்கும் தொழிலாளருக்கும் அந்தக் கேள்விகளுக்கான விடை தேவைப்படுகிறது.